தோஹிர் கடித்த ரொட்டி

முயஸ்ஸர் அக்காவோடு தேநீர் குடிப்பது ஒரு தண்டனை. "இந்தத் தேயிலை நல்லா இருக்கு" என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், "எதோட ஒப்பிட்டு? தண்ணி ஒண்ணா? கொதிச்ச நேரம் ஒண்ணா?" என்று ஆரம்பித்துவிடுவார். எங்கள் ரிஷ்தான் ஊர்ப் பள்ளியில் அவர் அறிவியல், நான் புவியியல். பதினெட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து வகுப்பு. "ஒண்ணை மட்டும் மாத்துங்க, மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்று அவர் பிள்ளைகளிடம் சொல்வது சுவரைத் தாண்டி என் காதில் விழாத நாளே இல்லை. எரிச்சலாக இருக்கும்.

அவருடைய ஒரே மகன் தோஹிர் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனான். எங்கள் ஊரில் தூரதேசம் போகிற எல்லோரையும் போல, கிளம்பும்போது ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போனான். மிச்சத்தைத் துணியில் சுற்றிச் சுவரில் மாட்டினார் அக்கா. அவன் திரும்பி வந்து தின்று முடிக்க வேண்டும். முதல் வருடம் வாராவாரம் பேசினான். அப்புறம் நான்கு வருடமாக ஒரு தகவலும் இல்லை. போனவர் உயிரோடு இருக்கும்வரை அந்த ரொட்டியில் பூசணம் பிடிக்காது என்பார்கள். அக்கா தினமும் காலையில் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புவார். எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்கிற மனுஷி, இதற்கு மட்டும் கேட்கவில்லை.

ஒருநாள் எட்டாம் வகுப்பில், ஊர் நம்புகிற ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள், சோதித்துப் பார்ப்போம் என்றார். ஜுல்ஹுமோர் எழுந்தாள்.

"டீச்சர், ஆள் உசுரோட இருந்தா அவங்க ரொட்டி கெடாதுங்கிறாங்களே, நிஜமா?"

அக்கா வீட்டுச் சுவரில் தொங்கும் ரொட்டியைப் பற்றி வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். பிற்பகல் நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "வேற ஏதாச்சும் குடுத்து மழுப்பிடுங்கக்கா."

"நல்ல கேள்வி, ஸபோஹத். எனக்கு வலிக்குதுன்னு தள்ளிட முடியுமா?"

ஒரே அடுப்பில் எட்டு ரொட்டி சுட்டார்கள். நான்கை அந்த வாரம் ரஷ்யாவுக்குக் கிளம்பிய எர்கின் கடித்தான். நான்கைக் கடிக்க, சந்தையைத் தாண்டாத எங்கள் காவலாளி மமத்குல்.

"கடிக்கிறேன் டீச்சர். கொஞ்சம் வெண்ணெய் இருந்தா தேவலை."

"வெண்ணெய் வச்சா சோதனை கெட்டுடும். சும்மா கடிங்க."

ஆளுக்கு இரண்டை ஈரப்பெட்டியில் வைத்தார்கள், இரண்டைச் சுவரில் மாட்டினார்கள். பெட்டியில் இருந்த நான்கிலும் ஒரே வாரத்தில் பூசணம் பிடித்தது. ரொட்டியைக் கெடவிடுவது பாவம் என்று தாய்மார்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். சுவரில் இருந்தவை காய்ந்து கல்லாகின. எர்கின் அங்கிருந்து தினம் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அக்கா வகுப்பில் சொல்லிவிட்டார்: "கடிச்ச ரெண்டு பேரும் உசுரோட இருக்காங்க. இறந்தவங்க ரொட்டி இல்லாம இது பாதி சோதனைதான்."

மறுநாள் ஜுல்ஹுமோர் ஒரு துணிப்பொட்டலம் கொண்டுவந்தாள். அவள் அப்பா ரஷ்யாவில் கட்டடத்திலிருந்து விழுந்து இறந்து, இரண்டு குளிர்காலத்துக்கு முன் சவப்பெட்டியில் வந்தவர். "முகத்தை நான் பார்த்தேன் டீச்சர். அம்மா பார்க்க மாட்டேன்னுட்டாங்க. ரொட்டி கெடலியே, அவர் வருவார்னு இன்னும் தட்டு வைக்கிறாங்க."

அக்கா வீட்டுக்குப் போய்த் தோஹிரின் ரொட்டியை எடுத்துவந்தார். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் பிரித்து வைத்தார். ஜுல்ஹுமோரின் அப்பா கடித்ததில், அவருக்கு ஒரு முன்பல் இல்லாத இடத்தில் மட்டும் ரொட்டி நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டிலும் பூசணம் இல்லை.

"வேற அடுப்பா இருக்கும், வேற நாளா இருக்கும். கணக்குல சேர்க்காதீங்கக்கா" என்றேன்.

"இப்பதான் கத்துக்கிட்டியா நீ?" என்று சிரித்தார். பிறகு அவளிடம், "எந்த அடுப்பும்மா?"

"உங்க தெரு அடுப்புதான் டீச்சர். அன்னிக்குக் காலையில சுட்டது. எங்கப்பாவும் தோஹிர் அண்ணனும் ஒரே பஸ்லதான போனாங்க."

அக்கா சாக்கட்டியை எடுத்தார். பிறகு பலகையில் 'வேறுபாடு இல்லை' என்று எழுதினார். வழக்கமான அதே நேர்த்தியான எழுத்து. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நாளைக்கு வந்து உங்கம்மாவைப் பார்க்கிறேன்" என்று சொல்லி அவளை அனுப்பினார்.

எல்லோரும் போனபின் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதலுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "அவன் இல்லைன்னும் ரொட்டி சொல்லலியேக்கா" என்றேன்.

"ஆமா, சொல்லல." அக்கா துணியை மடித்தார். "நாலு வருஷமா தினம் காலையில எம்புள்ளகிட்டேருந்து சேதி வருதுன்னு இருந்தேன், ஸபோஹத். ஒரு சேதியும் வரல."