எதோடு விழுங்குகிறீர்கள்?

"குடுத்த மாத்திரையெல்லாம் குப்பையில போட்டுட்டு எனக்கே கத சொல்றீங்களா? வயித்துல இருக்கிற பிள்ள மேல கொஞ்சமாவது அக்கற இருக்கா?"

இதைக் கேட்டவள் நான்தான். மலேசியாவில், கிள்ளானில் ஒரு சிறிய கிளினிக்கில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் தாதியாக இருந்தேன். வெளியே பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, கதவைக்கூடச் சாத்தாமல் கேட்டேன். எதிரில் இருந்தவளுக்கு ஏழாவது மாதம். பதினொன்றுக்குக் குறையாமல் இருக்கவேண்டிய ரத்த அளவு அவளுக்கு எட்டரையில் நின்றது. இரண்டு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "தெனமும் முழுங்குறேன் மிஸ்ஸி" என்றாள். தாதியை எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது. அவள் தன் கர்ப்பப் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த பரிசோதனைத் தவணைக்கு வரவில்லை.

நான் அப்படிக் கேட்டதற்கு என்னிடம் நியாயம் இருந்தது, அல்லது இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் அம்பாங்கில் வேலை பார்த்தபோது, பிரசவம் முடிந்த ஒரு வீட்டுக்குப் போனேன். அலமாரியில் இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தால் ஐந்து மாத மாத்திரையும் அப்படியே கிடந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. நம் ஆட்களின் கூத்து அப்படி. பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டும் என்று பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெரு வரை போய்க் குங்குமப்பூ வாங்கி, அதைத் தங்கம்போலப் பூட்டி வைத்து, நாளுக்கு இரண்டு இழையாகப் பாலில் போட்டுக் குடிப்பார்கள். அன்னாசியைக் கண்டால் பத்தடி தள்ளி நடப்பார்கள். இலவசமாகக் கொடுக்கும் மாத்திரையை மட்டும் தொட மாட்டார்கள். நிறத்துக்குப் படும் பாட்டில் பாதியை ரத்தத்துக்குப் பட்டால் எங்களுக்கு வேலையே இருக்காது என்று நான் அடிக்கடி சொல்வதுண்டு. அதனால் அளவு ஏறவில்லை என்றால் மாத்திரை உள்ளே போகவில்லை என்று முடிவு கட்டிவிடுவேன். வேறு காரணம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அவளை நான் மனதுக்குள் டீக்காரம்மா என்றுதான் வைத்திருந்தேன். பண்டமாரானில் லோரிகள் நிற்கும் இடத்தருகே ஒட்டுக்கடை வைத்திருந்தாள். புருஷன் துறைமுகத்தில் லோரி ஓட்டினார். காலையில் நாசி லெமாக் எனும் தேங்காய்ப்பால் சோறு, மீ எனும் நூடுல்ஸ், அப்புறம் டீ. அவள் டீக்காகவே சுற்றிக்கொண்டு வரும் டிரைவர்கள் உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். முதல் பிள்ளை பெண், எட்டு வயது. பிறக்கும்போது இரண்டு கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டியில் பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். இதெல்லாம் அவள் புத்தகத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் கண்ணாடிக்கு வெளியே நின்றிருப்பாளே என்று எழுதும்போது நான் யோசிக்கவில்லை. அவளைப் பார்த்து அக்கறை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.

அவள் தவணை தவறியதும் நான் மோட்டரை எடுத்துக்கொண்டு தேடிப் போனேன். மனம் திருந்திப் போனதாக யாரும் நினைக்க வேண்டாம். பிடிவாதத்தில்தான் போனேன். கடைசி மூன்று மாதம் சும்மா விடக்கூடிய காலமில்லை. குழந்தை அப்போதுதான் தாயிடமிருந்து இரும்புச்சத்தை வாங்கிச் சேர்த்துக்கொள்கிறது. பிறந்து முதல் ஆறு மாதம் பெரும்பாலும் அந்தச் சேமிப்பில்தான் ஓட்ட வேண்டும். தாயிடம் இல்லாவிட்டால் குழந்தை எங்கே போய் வாங்கும்? எடை குறைந்து பிறக்கலாம், நாள் முந்திப் பிறக்கலாம், பிறந்த பின்னும் சோர்ந்துகொண்டே வளரலாம். எட்டரையோடு பிரசவத்துக்குப் போனால் தாய்க்கும் ஆபத்து. இந்தப் பிள்ளையும் கண்ணாடிப் பெட்டிக்குப் போகக்கூடாது என்பதில் மட்டும் நான் தெளிவாக இருந்தேன்.

ஒன்பதரை மணி இருக்கும். கடையில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. சீருடைக்கு மேல் ஜாக்கெட் போட்டிருந்ததால் அவள் என்னைக் கவனிக்கவில்லை. ஓரத்து மேசையில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றப் போனேன். அவள் இடுப்புப் பையிலிருந்து எங்கள் கிளினிக் உறையை எடுத்தாள். மாத்திரையை வாயில் போட்டாள். பக்கத்தில் தனக்கென்று ஆற்றி வைத்திருந்த டீயை எடுத்து, ஒரே மூச்சில் குடித்து இறக்கினாள். பிறகு உறைக்குள் எட்டிப் பார்த்து, மீதி எத்தனை இருக்கிறது என்று விரலால் தள்ளி எண்ணினாள்.

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. டீயில் இருக்கும் துவர்ப்பு இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. சேர்த்திருக்கும் பாலும் தன் பங்குக்குத் தடுக்கும். நர்சிங் படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. எனக்கும் தெரியும். ஆனால் அவளிடம் எதோடு விழுங்குகிறீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சாப்பிடுகிறீர்களா இல்லையா என்று மட்டும் கேட்டேன். அவள் உண்மையைச் சொன்னாள், நான் அவளைப் பொய்க்காரி ஆக்கினேன்.

நான் ஹெல்மெட்டைக் கழற்றியதும் அவள் அடையாளம் கண்டு முகம் இறுகிப்போனாள். "குப்பத்தொட்டிய பாக்க வந்தீங்களா மிஸ்ஸி? அங்கதான் இருக்கு, போயி தேடுங்க" என்றாள். நியாயமான கேள்வி.

"இல்லம்மா. நான்தான் தப்பு. அன்னிக்கு அத்தன பேரு முன்னால நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன். மேசை துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. மாத்திரையை ஏன் டீயில் விழுங்குகிறாள் என்று கேட்டேன்.

"வெறும் தண்ணியில முழுங்குனா ஒமட்டுது. டீனா வாசனையில தெரியாது. ஒரு நாளும் விட்டதில்ல மிஸ்ஸி. மொத பிள்ள மாதிரி ஆயிடக் கூடாதுன்னு நேரம் பாத்து முழுங்குறேன்."

காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று அடுத்துக் கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கட நடத்துறவளுக்கு எங்க சாப்பாடு? டீ, பிஸ்கட்டு. ரெண்டு மணிக்குக் கட சாத்துனப்புறம்தான் சோறு." ஊருக்கே வயிறு நிறைய வைக்கிறவள் பாதி நாள் டீயிலேயே ஓட்டிக்கொண்டிருந்தாள். அதில் பங்கு கேட்டு உள்ளே ஒரு பிள்ளையும் இருந்தது.

மேசையிலேயே உட்கார்ந்து இருவரும் ஒரு ஏற்பாடு செய்தோம். கிளினிக்கில் கொடுக்கும் அச்சடித்த உணவுத் தாளை நான் வெளியே எடுக்கவே இல்லை. அதில் இருக்கும் ஓட்ஸை அவள் கடையில் எந்த ஜென்மத்திலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவள் கையில் இருந்ததை வைத்தே போட்டோம். கடை திறந்ததும் முதல் பொட்டலம் நாசி லெமாக் அவளுக்கு, முட்டையும் நெத்திலியும் கூடுதலாக. மத்தியானம் மீன், பாசாரில் வாங்கும் ஏதாவது ஒரு கீரை. மாத்திரையைச் சாயங்காலம் எலுமிச்சைத் தண்ணீரில் விழுங்கி, கூட இரண்டு துண்டு கொய்யா. புளிப்பு குமட்டலையும் அடக்கும், சத்தையும் உள்ளே சேர்க்கும். டீ குடிக்கவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொன்னாலும் நடக்காது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் விட்டுவிட்டு ஒன்று குடியுங்கள் என்றேன். "ஒண்ணு போதும் லா" என்று பெரிய மனது பண்ணினாள்.

இரண்டு வாரத்தில் ஒன்பதைத் தாண்டியது. அதற்கடுத்த முறை பத்து. ஒவ்வொரு தவணைக்கும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து விரலை நீட்டிவிட்டு, ரத்த அளவு காட்டும் மெஷினையே பார்ப்பாள், நானும் பார்ப்பேன். கடைசியாகப் பார்த்தபோது பத்து தசம் ஒன்பது. பதினொன்றுக்கு ஒரு புள்ளி குறைவு என்று நான் சொன்னதற்கு, "அத டீக்கு விட்டுடுங்க மிஸ்ஸி" என்றாள். நாள் நிறைந்து பையன் பிறந்தான். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. எந்தப் பெட்டியிலும் வைக்கவில்லை. இரண்டாம் நாளே தாயோடு வீட்டுக்கு வந்துவிட்டான்.

இப்போது நான் கோலாலம்பூரில் இருக்கிறேன். எனக்குக் கீழே ஆறு இளம் தாதிகள். கம்ப்யூட்டரில் நிரப்புவதற்குக் கட்டங்கள் நிறைய வந்துவிட்டன. மாத்திரை எடுத்தாரா என்ற கட்டத்தில் ஆம் அல்லது இல்லை என்று தட்டலாம், மேலே ஒன்றும் கேட்பதில்லை. என் தாதிப் பிள்ளைகளை நான் அதோடு விடுவதில்லை. எதோடு, எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன சாப்பிட்டார், சமைப்பது யார் என்று கேட்டு எழுத வைக்கிறேன். கிழவி தொல்லை தாங்கவில்லை என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். தாய் சாப்பிடுவதில்தான் பிள்ளையின் உடம்பு தொடங்குகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். அவள் சாப்பிட முடிகிறதா என்று யாராவது ஒருவர் கேட்கத்தான் வேண்டும்.

அன்று கிள்ளானில், பையன் பிறந்த பத்தாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். எடை பார்த்தேன், தொப்புளைப் பார்த்தேன், எல்லாம் நன்றாக இருந்தது. அவள் பத்தியத்தில் இருந்தாள். பையைக் கட்டப் போனபோது, "மிஸ்ஸி, ஒண்ணு கேக்கணும்" என்றாள். "மூத்தவ வயித்துல இருந்தப்பவும் இப்படித்தான் டீயில முழுங்குனேன். அவ சின்னதா பொறந்தது அதனாலதானா?"

ஆறுதலாகப் பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. "இருக்கலாம்மா. அது மட்டும்தான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அப்பவும் உங்கள யாரும் கேக்கல. கேக்காதது எங்க தப்பு, உங்க தப்பு இல்ல" என்றேன்.

அவள் அழவில்லை. பையனின் காலைத் தடவினாள். "அவ இப்பவும் ஸ்கூல்ல தூங்கி தூங்கி விழுறாளாம். டீச்சர் சோம்பேறிங்கிறாங்க" என்றாள். பிறகு உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டாள். எட்டு வயதுப் பெண் வந்து நின்றாள். வெளிறிய முகம், கையில் ஒரு கோப்பை பால் டீ, அதில் தோய்த்த பிஸ்கட். நாங்கள் இருவருமே அந்தக் கோப்பையைப் பார்த்தோம். அவள் மகளிடமிருந்து கோப்பையை மெதுவாக வாங்கி எட்டாத இடத்தில் வைத்தாள்.

"மிஸ்ஸிகிட்ட வெரல நீட்டும்மா" என்றாள். "இவளுக்கும் ரத்தம் பாருங்க மிஸ்ஸி. இவளுக்கு இன்னும் நேரம் இருக்குல்ல?"

"நெறய இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அந்தச் சின்ன விரலைப் பிடித்தேன்.