பிறக்காத பிள்ளைக்கு ஒரு குல்லா

புதுக்கோட்டை வெயிலில் உட்கார்ந்துகொண்டு நூல் குல்லா பின்னுகிறவளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். என் கணவருக்குத் தினமும் வரும். "இந்த ஊருல குல்லா போட்டா மண்டை வெந்துரும்" என்பார். நான் பின்னி முடித்ததும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவேன். அங்கே எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

அன்னவாசலில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எனக்கு வேலை. சேர்க்கைப் படிவம், மாற்றுச் சான்றிதழ், பஸ் பாஸ் என்று பகல் முழுக்க ஓடிவிடும். மிச்சம் கிடைக்கிற நேரத்தில்தான் ஊசியும் நூலும். கொக்கி ஊசியால் குரோஷா பின்னுவேன், கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணியில் கட்டம் எண்ணி கிராஸ் ஸ்டிட்ச் போடுவேன், மெஷினில் பை தைப்பேன். எதையும் விற்றதில்லை. விற்கிற அளவுக்கு நேர்த்தி போதாது என்பார் என் மாமியார். அதில் பாதி உண்மை.

என்னைப் போன்ற கைவேலைக்காரப் பெண்கள் சேர்ந்த வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஒருத்தி தலையணை உறையின் படத்தைப் போட்டால் மற்றவர்கள் இதயமாக அனுப்பித் தள்ளுவோம். தையல் கோணலாக இருந்தாலும் அனுப்புவோம். நாளைக்கு நம்முடையதும் கோணலாக வரலாம் இல்லையா? குழுவில் போட்டது போதாதென்று அதே படத்தை என் ஸ்டேட்டஸிலும் வைப்பேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அரை மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பார்ப்பேன். இந்தப் பெருமைப் பைத்தியம்தான் என்னை மாட்டிவிட்டது.

என் கணவரின் தங்கை வல்லத்திராக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு நான் அத்தாச்சி. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நாலு வருடத்துக்கு முன்பு, எட்டாம் மாதத்தில், அவள் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோனது. அதற்குப் பிறகு இப்போதுதான் மறுபடி உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் யாரும் அதைப் பற்றி உரக்கப் பேசுவதுகூட இல்லை. வளைகாப்பு எப்போது என்று யாராவது கேட்டால் மாமியார் பேச்சை மாற்றிவிடுவார்.

எங்கள் குடும்பங்களில் பிறக்காத பிள்ளைக்குப் புதுத் துணி எடுக்க மாட்டார்கள், தைக்கவும் மாட்டார்கள். பிள்ளை பிறந்ததும் துவைத்துத் துவைத்து நைந்த வேட்டியைக் கிழித்துத்தான் முதலில் சுற்றுவார்கள். புதுசெல்லாம் அப்புறம்தான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கிடையாது என்று அலுவலகத்தில் வாய் கிழியப் பேசுகிறவள் நான். மாமியார் முன்னால் மட்டும் பேசியதில்லை.

ஒரு சனிக்கிழமை புதுக்கோட்டைக் கடைவீதியில் இளமஞ்சள் பருத்தி நூல் கண்ணில் பட்டது. தொட்டால் பூனைக்குட்டியின் வயிறு மாதிரி இருந்தது. கை சும்மா இருக்குமா? நாலே நாளில் தேங்காய் மூடி அளவுக்கு ஒரு குல்லா வந்துவிட்டது. காதை மூட இரண்டு மடல், அவற்றின் நுனியில் கட்டிக்கொள்ளக் கயிறு. என் கையிலிருந்து வந்ததிலேயே அதுதான் அழகு. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

குழுவில் போட்டேன். "யாருக்கு? யாருக்கு?" என்று கேட்டார்கள். "சும்மா, மாடலுக்கு" என்று புளுகினேன். ஸ்டேட்டஸில் வைப்பதற்கு முன்னால் சொந்தக்காரர்களை ஒருவர் விடாமல் மறைத்தேன். மாமியார், ஓரகத்தி, சின்ன மாமியார், நாத்தனார், எல்லோரையும். ஆனால் நாத்தனார் விஷயத்தில் நான் மறைத்தது அவளுடைய பழைய எண்ணை. அந்த மாதம்தான் அவள் புது சிம் வாங்கியிருந்தாள். அந்த எண்ணை என் போனில் பதிந்துவைத்ததும் நானேதான். மறைக்கிற பட்டியலில் அதைச் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் யார் யார் பார்த்தார்கள் என்று திறந்தேன். எல்லாருக்கும் மேலே அவள் பெயர்.  உடனே படத்தை அழித்தேன். அழித்து என்ன பிரயோசனம்? பத்து நிமிடத்தில் அவளிடமிருந்து செய்தி வந்தது. "அத்தாச்சி, ஞாயித்துக்கெழம வாங்க. அதையும் எடுத்துட்டு வாங்க." ஒரு சிரிப்பு முகம்கூட இல்லை.

நாத்தனாருக்கு ஊறுகாய் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிக் கிளம்பினேன். பஸ் முழுக்க ஒத்திகைதான். திட்டினால் வாங்கிக்கொள்வது, அழுதால் அங்கேயே குல்லாவைப் பிரித்துப் போடுவது. குரோஷாவில் அந்த வசதி உண்டு. கடைசி நுனியை அவிழ்த்து இழுத்தால் சரசரவென்று பிரிந்து பழையபடி வெறும் நூலாகிவிடும்.

அவள் கணவன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அவளுடைய மாமியார் வயலுக்குப் போயிருந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். உட்கார்ந்ததும் கையை நீட்டினாள். குல்லாவைக் கொடுத்தேன். தன் முஷ்டியில் மாட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"புத்தி கெட்டுப் போயி செஞ்சுட்டேம்மா. குடு, இப்பவே பிரிச்சிர்றேன்."

"இருங்க அத்தாச்சி."

எழுந்துபோய் பீரோவிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துவந்தாள். உள்ளே நாலாக மடித்த வெள்ளை மேட்டித் துணி. விரித்தால் ஒரு முயல். சாம்பல் நிற நூலில், கட்டம் பிசகாமல், என்னுடையதைவிட நேர்த்தியாக. ஒரு காது மட்டும் போடாமல் நின்றுபோயிருந்தது.

"நீங்க அப்ப ஸ்டேட்டஸ்ல போட்ட முயலுதான். படத்தப் பெருசு பண்ணி கட்டம் கட்டமா எண்ணித் தச்சேன். அந்தப் புள்ளைக்கி. யாருக்கும் தெரியாது. அவுகளுக்குக்கூட."

 அந்த முயலை நான் என்றைக்கோ போட்டு, இதயங்களை வாங்கிக்கொண்டு, மறந்தே போயிருந்தேன்.

"தைக்கக் கூடாதுன்னு தெரிஞ்சேதான் தச்சேன். ஆஸ்பத்திரியில கொடி சுத்திக்கிச்சுன்னாங்க. வயித்துல கொடி சுத்தையில நான் இங்க உக்காந்து நூலச் சுத்திக்கிட்டு இருந்துருக்கேன். நாந்தான் அத்தாச்சி செஞ்சேன்."

இதை அவள் அழாமல் சொன்னாள். நாலு வருடம் தனக்குத் தானே சொல்லிச் சொல்லி அழுகை தீர்ந்துபோயிருக்கவேண்டும். நான்தான் அழுதேன்.

"கொடி சுத்துறது எத்தனையோ பேருக்கு நடக்குது. அதுக்கும் ஒன் ஊசிக்கும் என்னம்மா சம்பந்தம்? அது ஒன்னால இல்ல."

"தெரியும் அத்தாச்சி. மனசு கேக்க மாட்டேங்குது."

குல்லாவை என் மடியில் வைத்தாள். "இதப் பிரிக்காதீங்க. நீங்க பிரிச்சீங்கன்னா நான் நெனச்சது சரின்னு ஆயிரும். இது முழுசா இருக்கட்டும். இது இருக்கையிலேயே புள்ள நல்லபடியா வந்துட்டா, அப்ப அன்னைக்கும் நான் காரணமில்லன்னு எனக்குத் தெரிஞ்சிரும். ஒங்ககிட்டயே இருக்கட்டும். இங்க இருந்தா அத்தை பாத்துருவாக."

வராவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

குல்லாவை என் பீரோவில் சேலைகளுக்கு நடுவே வைத்தேன். அடுத்த இரண்டு மாதம் எனக்கு நடந்ததை நம்பிக்கை இல்லாதவள் என்று சொல்லிக்கொள்கிற யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் பயந்தேன். எட்டாம் மாதம் பிறந்த அன்றைக்குப் பூனை மாதிரி நடந்துபோய் அதை எடுத்தேன். முடிச்சை அவிழ்த்து நுனியை இழுத்தேன். ஒரு வரிசை கடகடவென்று பிரிந்து வந்தது. இன்னும் இரண்டு நிமிடம் இழுத்திருந்தால் ஒன்றுமே இருந்திருக்காது. பிள்ளைக்கு நல்லது செய்துவிட்டதாக நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால் அந்த நிம்மதிக்கு அவளைக் குற்றவாளி ஆக்கவேண்டும். "நீ காரணமில்லை" என்று அவளிடம் சொன்னவள், தனியாக இருக்கும்போது "ஒருவேளை நீதானோ" என்று நூலை இழுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஊசியை எடுத்து அந்த வரிசையைத் திரும்பப் போட்டேன். உற்றுப் பார்த்தால் அந்த இடம் மட்டும் கொஞ்சம் இறுக்கமாகத் தெரியும்.

அந்த இரண்டு மாதமும் நான் குழுவில் ஒரு படமும் போடவில்லை. உடம்பு சரியில்லையா என்று முகம் தெரியாத பெண்கள் விசாரித்தார்கள். வேலை அதிகம் என்றேன்.

ஒன்பதாம் மாதம் முடிகிற சமயத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வலி எடுத்து அவளைப் புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக மாமியார் போன் செய்தார். கூட அவர் இருந்தார். எனக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. படிவங்களில் பெயரை மாற்றி மாற்றி எழுதினேன். ஒரு பையனின் அப்பா பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஊர்ப் பெயரை எழுதிவிட்டேன். தலைமையாசிரியை அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா ஆச்சு ஒனக்கு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

மத்தியானம் மணி இரண்டு இருக்கும். போன் அடித்தது. மாமியாராக இருக்கும் என்று எடுத்தால் திரையில் அவளுடைய புது எண். எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்துக் காதில் வைத்தேன்.

முதலில் மூச்சு வாங்குகிற சத்தம்தான் கேட்டது. அதற்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, ஒரு பிள்ளை தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தது. என்ன பிள்ளை என்று அவள் சொல்லவில்லை. எத்தனை மணிக்குப் பிறந்தது, என்ன எடை, ஒன்றும் சொல்லவில்லை.

"நான் இல்ல அத்தாச்சி" என்றாள். அன்றைக்கு வராத அழுகையெல்லாம் இப்போது வந்தது. "அன்னைக்கு நான் இல்ல. நான் இல்ல."

அலுவலகத்தில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

"இல்லம்மா. நீ இல்ல. என்னைக்குமே நீ இல்ல."