"எதையும் எதையும் டீச்சர்?"

சாந்தன்பாறைப் பக்கம் எங்கள் பள்ளியில் இன்று ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன்.

ஜெனிஃபருக்குப் பார்வை மிகவும் குறைவு. முன் பெஞ்சில் உட்கார வைத்ததோடு என் கடமை முடிந்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

போர்டில் பின்னங்களை எழுதி, "இதையும் இதையும் கூட்டுனா இது வரும்" என்றேன்.

அவள் எழுந்து, "எதையும் எதையும் டீச்சர்?" என்றாள்.

வகுப்பே சிரித்தது. எனக்கு முகம் சுண்டிவிட்டது.

போர்டை அழித்துவிட்டு, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லியபடி எழுதினேன். "அரை. அதோட கால்."

"முக்கால், டீச்சர்." முதலில் சொன்னது ஜெனிஃபர்தான்.

கடைசி பெஞ்சில் ஒருத்தி முணுமுணுத்தாள்: "எங்களுக்கும் இப்பத்தான் புரியுது."

மதியம் ஜெனிஃபரின் அம்மா ஏலக்காய்த் தோட்ட வேலையிலிருந்து நேராக டி.சி. வாங்க வந்தார். மகளைப் பார்வை குறைந்த பிள்ளைகளுக்கான தூரத்து ஹாஸ்டல் பள்ளியில் சேர்ப்பதாக முடிவு செய்திருந்தார்.

"டீச்சர் சொல்லிச் சொல்லி எழுதுனாங்கம்மா. எனக்குப் புரிஞ்சுது. நான் இங்கயே படிக்கேன்" என்றாள் ஜெனிஃபர்.

அம்மா அவள் தலையைத் தடவினார். பிறகு என்னிடம், "அப்ப டி.சி. வேண்டாம் டீச்சர். தெனமும் இப்படியே சொல்லிக் குடுங்க" என்றார்.

சரி என்று தலையாட்டிவிட்டேன். நாளைக்கு முக்கோணம் நடத்த வேண்டும். அதை வாயால் வரைவது எப்படி என்று தெரிந்தவர்கள் கமெண்டில் வந்து காப்பாற்றுங்கள்.