இடது பக்க விளக்கு

சிக்னலில் பச்சை விழுந்தாகிவிட்டது. பின்னால் நிற்பவர்கள் ஹாரனை அலற விடுகிறார்கள். ஏட்டு அசைவதாக இல்லை. ஒரு சாம்பல் நிற வேனின் முன்னால் குனிந்து அதன் இடது பக்க விளக்கை உற்றுப் பார்க்கிறார். பிறகு வலது பக்கத்தை. இரண்டும் ஒரே மாதிரி மஞ்சள் படிந்து கிடக்கின்றன. "நீ இல்ல, போ போ" என்று பக்கவாட்டில் தட்டி அனுப்புகிறார். ஓட்டுநர் திருதிருவென்று விழித்துக்கொண்டே போகிறார். என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எதிரே இந்தக் கூத்து தினமும் உண்டு.

தொப்பியைக் கழற்றினால் ஏட்டின் நெற்றி மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். விசிலை வாயில் வைத்துக்கொண்டே திட்டுவார். பாதி வசவு காற்றாகத்தான் வரும். தாகமெடுத்தால் என் கடைக்கு வருவார். "தண்ணி குடுங்க சார். ரெண்டு நிமிஷம் ஏசியில நின்னுக்கறேன், கேஸ் போட மாட்டேன்" என்பார். பேச்சு என்னோடு இருக்கும். கண் மட்டும் கதவுக்கு வெளியே வண்டிகளின் மேல்தான்.

போன மழைக்காலத்தில் அவர் மனைவி அவருக்குக் குடை எடுத்துக்கொண்டு இந்தச் சந்திப்புக்கு வந்தார். யாரோ பெரிய மனிதர் போகிறார் என்று ஏட்டை வேறு சாலைக்கு இழுத்துவிட்டிருந்தது அந்த அம்மாவுக்குத் தெரியாது. ஒரு சாம்பல் நிற வேன் அவரை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. குடையும் உடைந்த இடது விளக்கின் சில்லுகளும்தான் சாலையில் கிடந்தன. அந்த அம்மா பிழைத்தார், இடுப்பு பிழைக்கவில்லை.

"உடைஞ்சா அந்த ஒண்ண மட்டும்தான் சார் மாத்துவான். ரெண்டையும் மாத்த எவனுக்கு மனசு வரும்? ஒண்ணு புதுசா பளிச்சுனு இருக்கும், இன்னொண்ணு மங்கிப் போயிருக்கும். என்னிக்காவது இந்தப் பக்கம் வராமலா போயிடுவான்?" என்பார் ஏட்டு.

வழக்கு அவருடைய நிலையத்திலேயே தூங்குகிறது. தேட ஆள் இல்லையாம். இருக்கிறவர்கள் எல்லோரும் ஹெல்மெட் இல்லாதவர்களைப் பிடிக்கச் சாலையில் நிற்கிறார்கள். சாயங்காலமானால் மேலிடத்துக்குக் கணக்குப் போக வேண்டும். "நம்ம நிலைமை உனக்குத் தெரியாதாப்பா?" என்று கேட்டிருக்கிறார் வழக்கைப் பார்க்கிறவர். தெரியாமல் என்ன, இவரும்தானே அந்தக் கூட்டத்தில் நிற்கிறார்.

அந்த அம்மாவுக்குக் கண்ணாடி கொடுக்க ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடியே புருஷனைப் பார்த்து, "இன்னிக்கு எத்தனை மண்டையக் காப்பாத்துனீங்க?" என்றார். ஏட்டு சிரித்தார். வாசல் வரை என்னோடு வந்தவர், "முன்னல்லாம் வண்டி கெடச்சுதான்னு கேப்பா. இப்பக் கேக்கறதே இல்ல சார்" என்றார்.

போன வாரம் இன்ஸ்பெக்டர் நடுச்சாலையிலேயே அவரைப் பிடித்து உலுக்கிவிட்டார். "வேன நிறுத்தச் சொல்லி உனக்கு யாருய்யா ஆர்டர் போட்டா? இன்னொரு தடவ பாத்தேன், ஆபீஸ்ல உக்கார வெச்சிடுவேன்." சந்திப்பு போனால் வேனும் போயிற்று. ஏட்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

நேற்று மதியம் இன்ஸ்பெக்டரின் ஜீப் மர நிழலில் நின்றிருந்தது. ஒரு சாம்பல் நிற வேன் வந்தது. கண்ணாடி விற்றுப் பிழைப்பவன் நான், கடைக்குள்ளிருந்தே எனக்குத் தெரிந்தது: இடது விளக்கு பளிச்சென்று இருந்தது, வலது மங்கல். ஏட்டு ஜீப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாலையில் இறங்கிக் கையை நீட்டினார். வேன் வேகம் குறைந்தது.

"யோவ் ஏட்டு! அந்த பைக்கப் புடிய்யா!" என்று ஜீப்பிலிருந்து சத்தம் வந்தது. ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு ஒருவன் நழுவப் பார்த்தான். அந்தக் குரலுக்குக் கீழ்ப்படிந்தே பழகிய உடம்பு, அவரைக் கேட்காமலே திரும்பிவிட்டது. வேன் சட்டென்று ஒரு பேருந்துக்கு முன்னால் புகுந்து மறைந்தது; அதன் எண்கூடக் கண்ணில் படவில்லை.

பைக்கின் சாவி ஏட்டின் வலது கையில் இருந்தது. இடது கை, வேன் போன பக்கமாக, நில் என்று இன்னும் நீட்டியபடியே இருந்தது.