வாயை மூடாத புரதமும் ஆம்பூர் கரீம் பாயும்

காலரா ஆராய்ச்சி லேபில் டெக்னீஷியன் என்றால் பாதி வேலை சோதனைக் குழாயோடு, மீதி வேலை நோயாளியின் சொந்தக்காரர்களோடு. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வார்டு பக்கம் நடந்து மாட்டிக்கொண்ட சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா? எழுபதுகளின் கடைசியில் வேலூரில் எனக்கு அந்த வேலை.

வராந்தாவில்

ஆம்பூர் டேனரியில் தோல் பதனிடும் கரீம் பாய் ஒரு காலையில் என்னை வழிமறித்தார். வார்டுக்குள்ளே காலராவோடு அவர் மனைவி மெஹர். ஒரே நாளில் கண் குழிந்து பாதி ஆளாகியிருந்தாள். "இத்தினிக்கோண்டு கிருமி, உடம்புத் தண்ணியெல்லாம் எப்டி சிஸ்டர் வெளிய தள்ளுது?"

எங்கள் டாக்டரம்மா சொல்லித் தந்ததைச் சொன்னேன். கிருமியின் விஷம் ஒரு என்சைம். குடல் செல்லுக்குள் புகுந்து, அங்கே சேதி சொல்லும் ஒரு புரதத்தின் மேல் சின்னத் துண்டை ஒட்டிவிடும். 'தண்ணீரை விடு' என்று ஒருமுறை சொல்லிவிட்டு வாயை மூட வேண்டிய புரதம், மூட முடியாமல் சொல்லிக்கொண்டே இருக்கும்.

"அப்போ யாராச்சும் போயி அதோட வாய மூடுங்களேன்!"

ஸ்பூனும் டம்ளரும்

டிரிப் ஏற்றி நாடி திரும்பியதும், உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை ஊட்டச் சொன்னார் டாக்டரம்மா. பாய் டம்ளரைத் தொடவே இல்லை. பேதி போகிற வயிற்றில் இன்னும் ஊற்றுவதா என்று பயம்.

"விஷம் கெடுத்தது வெளிய விடுற வழியத்தான் பாய். சர்க்கரையோட சேர்ந்து உப்பும் தண்ணியும் உள்ள போற வழி நல்லாத்தான் இருக்கு" என்றேன். ஸ்பூனை எடுத்து ஊட்ட ஆரம்பித்தார். அவள் வாந்தி எடுத்தாள். துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினார். வேலை முடிந்தும் எனக்கு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. சாயங்காலம் மெஹர் கண்ணைத் திறந்து என்னிடம் முணுமுணுத்தாள்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இன்னிக்குத்தான் இவரு எனக்கு ஊட்டுறாரு, அதுலயும் உப்பு ஜாஸ்தி."

டேனரியில்

மெஹர் பிழைத்து வீடு திரும்பிச் சில மாதம் கழித்து டாக்டரம்மாவையும் என்னையும் டேனரி பார்க்கக் கூப்பிட்டார் பாய். பெரிய மர டிரம்மில் தோல்கள் சுழன்றன. ஒரு பவுடரைக் காட்டி, "தோலை மெத்துனு ஆக்கும்" என்றார். "இதுவும் என்சைம்தான்; வேண்டாத புரதத்தை வெட்டுது" என்றார் டாக்டரம்மா.

"பதம் வந்ததும் ஆசிட் ஊத்தி நிறுத்திடுவோம். இல்லேன்னா தோலு கூழாய்டும். நீங்க மெஹருக்கு இன்னாத்த ஊத்தி நிறுத்துனீங்க?"

"நாங்க நிறுத்தல பாய். கெட்டுப்போன செல்லு நாலஞ்சு நாள்ல தானா உதிர்ந்து, புதுசு வந்துடும். அதுவரைக்கும் உயிரைப் பிடிச்சு வெச்சிருந்தோம், அவ்ளோதான்" என்றார் டாக்டரம்மா.

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாலு நாள் விஷயத்துக்கா எங்க ஊர்ல அத்தினி பேரு போய்ட்டாங்க?"

லேபில் நாங்கள் வருஷக்கணக்காக அளந்து எழுதிய நோட்டுகளை எந்தப் பூச்சி தின்றதோ தெரியாது, ஆம்பூர் பஸ் வந்து நின்றால் மட்டும் பாயும் மெஹரும் இறங்குகிறார்களா என்று இன்றும் எட்டிப் பார்க்கிறேன்.