கடுகு பொரிந்த மாடி

சிங்கப்பூரில் வேலை கிடைத்ததும் ஆறு வாடகை வீடுகள் பார்த்தோம். எல்லா வீட்டுக்காரர்களும் ஒரே நிபந்தனை வைத்திருந்தார்கள்: "லைட் குக்கிங் மட்டும்." அதாவது, புகையும் மசாலா வாசனையும் வராத சமையல். தாளிப்பு லைட்டா, ஹெவியா? சாம்பாரைப் பச்சையாகவா குடிப்பது? கேட்கத்தான் நினைத்தேன். கேட்டால் கிடைக்கிற வீடும் போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன். குவீன்ஸ்டவுன் வீடு ஆபீசுக்கு நடக்கும் தூரம்தான். ஆனால் அந்த வீட்டுக்கார அம்மா, என் மனைவி லிட்டில் இந்தியாவிலிருந்து தூக்கி வந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பைக்குள் பெருங்காயம் இருந்தது.

ஏழாவது வீடு உட்லண்ட்ஸில். ஆபீசுக்கு ரயிலில் ஒரு மணி நேரம் ஆகும். வேண்டாம் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டுதான் லிஃப்டில் ஏறினேன். கதவு திறந்ததும் பக்கத்து வீட்டிலிருந்து கடுகும் கறிவேப்பிலையும் பொரிகிற வாசனை வந்தது. மனைவி படுக்கையறையைக்கூட எட்டிப் பார்க்கவில்லை.

"இதுவே போதுங்க," என்றாள்.

குடிபோன அன்று பால் காய்ச்சி, பக்கத்து வீட்டுக்கும் ஒரு டம்ளர் கொண்டுபோனேன். அவர்கள் வாசலில் அட்டைப்பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. கதவைத் திறந்த தமிழ்ப் பெண்மணி சங்கடமாகச் சிரித்தார்.

"நாங்க மலேசியாவுக்கே, ஜோகூருக்குத் திரும்பிப் போறோம் லா. சமையல் வாசனை தாங்கலைன்னு மேல் வீட்டுல கம்ப்ளெயின்ட். ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டாரு."

டம்ளரை அவர் கையில் கொடுத்தேனா என்பதுகூட நினைவில்லை. எனக்குப் பின்னால், எங்கள் அடுப்பில் கடுகு வெடிக்கத் தொடங்கியிருந்தது.