நான்கு முள்ளும் ஒரே கோட்டில்

டேங்கைத் தூக்கி, கட்டையால் முட்டுக்கொடுத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். திருகின் மேலிருந்த பெயிண்ட் உடைந்திருந்தது. மெக்கானிக் தொழில் இவ்வளவுதான்: நான்கு சிலிண்டர் மோட்டார் சைக்கிளில், எஞ்சினுக்குக் காற்றை விடும் வாயாக நான்கு த்ராட்டல் பாடி. நான்கும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். மனிதர்கள் விட்டுவைத்தால் இழுக்கும். வீட்டுப் போர்ச்சில் வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஸ்குரூ டிரைவரும் கையுமாக விழித்த அன்பர்களே, இது உங்களுக்குத்தான்.

கலர் அடித்த திருகு

வண்டி தாரணியுடையது. தினமும் மலேசியாவின் செனாயிலிருந்து எல்லைப் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். பாலத்து இமிகிரேஷன் வரிசையில் ஊர்ந்து போகும்போது எஞ்சின் அணைந்துவிடுகிறது. இரண்டு முறை தாமதம். மூன்றாவது முறை என்றால் வேலை இல்லை என்று கடிதமே கொடுத்துவிட்டார்கள்.

அவள் கணவன் சரவணன் சனிக்கிழமை முழுக்க வீடியோ பார்த்து, ஞாயிற்றுக்கிழமை தானே பழுதுபார்க்க உட்கார்ந்திருக்கிறான். காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் நான்கு. அதில் ஒன்றை மட்டும் தொழிற்சாலையிலேயே அமைத்து, யாரும் தொடக் கூடாதென்று மஞ்சள் பெயிண்ட் பூசி அனுப்புகிறார்கள். மற்ற மூன்றையும் அதற்கு இணையாக வைக்க வேண்டும். சரவணன் முதலில் திருப்பியது அதைத்தான். ஏன் என்று கேட்டேன்.

"கலர் அடிச்சிருந்துச்சுண்ணே. அதான் முக்கியமான ஸ்குரூன்னு நெனச்சேன் லா."

காது

எஞ்சின் சூடாகிவிடக் கூடாதே என்று அவன் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அணைத்து, ஆறவைத்து வேலை பார்த்திருக்கிறான். பாலத்து வரிசையில் எந்த வண்டி ஆறிப்போய் நிற்கிறது என்று கேட்டேன். காற்றை அளக்கும் டயல்களும் அவனிடம் இல்லை. ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, எந்த சிலிண்டர் சோம்பேறி என்று கண்டுபிடித்தானாம். பக்கத்தில் நின்ற தாரணி வாயைத் திறந்தாள்.

"வீட்ல கூப்பிட்டா கேக்காது. எஞ்சின் மட்டும் நாலா பிரிஞ்சு கேக்குதாம்."

என் முறை

உடைந்த பெயிண்டின் இரண்டு ஓரங்களும் சேரும்வரை அந்தத் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, முன்னால் ஃபேன் வைத்து, சிலிண்டருக்கு ஒரு பைப் வீதம் என் நான்கு டயல்களோடு இணைத்தேன். திருகத் திருக நான்கு முள்ளும் ஒரே கோட்டில் வந்து நின்றன. அந்த அரை மணி நேரமும் காதை நம்பாதே, கருவியை நம்பு என்று சரவணனுக்குப் பாடம் நடத்தினேன். முட்களைப் படம் எடுத்தும் அனுப்பினேன்.

திங்கட்கிழமை வண்டி பாலத்து வரிசையில் இரண்டு முறை அணைந்தது. தாரணி அதை ஓரமாகத் தள்ளி, திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து, நேரத்துக்கு நான்கு நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்திருக்கிறாள். சரவணன் போன் செய்தான். குரலில் கோபமே இல்லை.

"நீங்க அனுப்புன போட்டோ நல்லா இருந்துச்சுண்ணே. வண்டிதான் நிக்குது."

கடைசி டயல்

அன்று மாலையே இருவரும் வந்தார்கள். நீ மறுபடி எதையோ நோண்டியிருக்கிறாய் என்று சரவணனிடம் சொல்லிக்கொண்டே டயல்களை மாட்டினேன். நான்கு முள்ளும் ஒரே கோட்டில். எஞ்சின் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. வால்வாக இருக்கும் என்று ஆரம்பித்தேன்.

தாரணி, ஒரே சிலிண்டரின் பைப்பை நான்கு டயலிலும் மாற்றி மாற்றிச் செருகச் சொன்னாள். முதல் மூன்றும் ஒரே எண்ணைக் காட்டின. கடைசி டயல் மட்டும் தன் இஷ்டத்துக்கு ஓர் எண்ணைக் காட்டியது. அதன் பேச்சைக் கேட்டு ஒரு சிலிண்டரைக் கெடுத்தவன் நான். இவளுடையதற்கு முன் ஏழு வண்டிகளை அதே டயலால் குணப்படுத்தியிருக்கிறேன். சிங்கப்பூரில் அளவுக் கருவிகளைச் சோதிப்பதுதான் அவள் வேலையாம். நான் கேட்டதில்லை.

"எங்க கம்பெனியில மொதல்ல மீட்டரத்தான் செக் பண்ணுவோம்ணே. அப்புறம்தான் ஆளுங்கள திட்டுவோம்."

ஒரே ஒரு நல்ல டயலை வைத்து நான்கு சிலிண்டரையும் அளந்தோம். சரவணன் பைப்பை மாற்றினான், நான் திருகினேன். மறுநாள் காலை பாலம் தாண்டியதும், ஒருமுறைகூட நிற்கவில்லை என்று தாரணி செய்தி அனுப்பினாள்.

அடுத்தவர் தவறைத் திருத்தினால் அதற்கு சர்வீஸ் என்று பெயர், நம்முடையதைத் திருத்தினால் இலவசப் பரிசோதனை. அந்த ஏழு வண்டிக்காரர்களுக்கும் இலவசப் பரிசோதனைக்கு வாருங்கள் என்றுதான் எழுதினேன். கீழே என் டயல்தான் காரணம் என்று ஒரு வரி எழுதி, அனுப்புவதற்கு முன் அந்த வரியை அழித்தேன்.